நீலம் வராத மணிகள்

அண்ணி முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருடைய பத்து விரல் நுனிகளும் ஊதாவாக இருந்தன. தேநீர்க் கோப்பையை நீட்டிய அம்மா, நீட்டிய கை நீட்டியபடியே அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, ஓட்டுப் போட்டா ஒரு விரல்லதானே மை வைப்பாங்க?"

"பத்து ஓட்டுப் போட்டேன் அத்தை. யாருக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

அண்ணன் சிரித்த சிரிப்பில் அவன் கோப்பையிலிருந்த தேநீர் பாதி சட்டையில் கொட்டியது. கல்யாணமான பிறகும் அவன் அண்ணியைக் கூப்பிட்டது அந்தப் பெயரால்தான். "பத்து ஓட்டு, சோப்பு எங்கே?" "பத்து ஓட்டு, சாவி உன்கிட்டயா இருக்கு?" வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் முழிப்பார்கள். அண்ணி கவலைப்பட மாட்டார்.

அது மை இல்லை. நின்ஹைட்ரின் என்று ஒரு மருந்து. தோலில் பட்டால் ஊதாவாகும், நான்கைந்து நாளைக்குப் போகாது. கையுறை போட்டிருந்தால் படாது. அவர் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு ஜோடி கையுறை. மதியத்துக்குள் விரல் நுனி கிழிந்துவிடும். மிச்ச நேரத்துக்கு வெறும் விரல்.

அண்ணியின் வேலை பெப்டைடு செய்வது. அது என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நான் கல்லூரியில் படித்தது வணிகவியல், வேலை பார்த்தது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், கடிதங்கள் எழுதும் பிரிவில். அண்ணன் வேன் ஓட்டினான். அம்மா அதை ஏதோ மாத்திரைக் கம்பெனி என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி எங்கள் மூன்று பேரையும் சமையலறைச் சுவரோரம் வரிசையாக நிற்கவைத்தார்.

"புரதம் புரதம்னு சொல்றாங்கல்ல, அது அமினோ அமிலம்னு சின்னச் சின்னத் துண்டுங்க கை கோத்து நிக்கற நீளமான வரிசை. நூறு பேர், ஆயிரம் பேர் நிப்பாங்க. அதே மாதிரி அஞ்சு பேரோ ஒன்பது பேரோ மட்டும் நின்னா அது பெப்டைடு. அத்தை, நீங்க அந்த ஓரம். சுவத்துல சாஞ்சுக்கோங்க, நீங்க நகரக் கூடாது."

"நான் எங்க நகரப் போறேன், முட்டி வலில."

"உங்களை ஒரு மணியில ஒட்டி வெச்சிருக்கேன். சர்க்கரைத் துகள் மாதிரி இருக்கும், பிசின் மணி. உங்க ஒரு கை மணியில. இன்னொரு கைக்கு உறை போட்டிருக்கேன், நான் சொல்ற வரைக்கும் யாரையும் பிடிக்காம இருக்கறதுக்கு." சமையலறைத் துணியை எடுத்து அம்மாவின் கையில் சுற்றினார். "இப்ப உறையைக் கழட்டறேன். கழுவறேன். அடுத்தவங்களை விடறேன். ஏங்க, வாங்க, அத்தை கையைப் பிடிங்க. உங்க இன்னொரு கையிலயும் உறை இருக்கு. பிடிச்சாச்சா? மறுபடியும் கழுவறேன். பிடிச்சவங்க நிப்பாங்க, சும்மா மிதந்தவங்க தண்ணியோட போயிடுவாங்க. அப்புறம் உங்க உறையைக் கழட்டி, இவளை விடறேன்."

நான் அண்ணனின் கையைப் பிடித்தேன்.

"பிடிச்சாளா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் அண்ணன். "கண்ணுக்கே தெரியாதுங்கறே."

"அதுக்குத்தான் இது." விரல்களை விரித்துக் காட்டினார். "நாலு மணியை எடுத்து நின்ஹைட்ரின் விட்டுச் சூடு பண்ணுவேன். யாரோட கையாவது சும்மா இருந்தா மணி நீலமாகும். எல்லாக் கையும் பிடிச்சிருந்தா நிறமே வராது. நீலம் வந்தா வேலை முடியலைன்னு அர்த்தம். வரலைன்னா அடுத்தது."

"அப்ப உன் கை எப்பவும் சும்மாதான் இருக்குன்னு சொல்லு."

"உங்களைப் பிடிச்ச கை, வேற எப்படி இருக்கும்?"

அவருக்கு அந்த வரிசைகளின் மேல் ஒரு பைத்தியமே இருந்தது. அண்ணனுக்குச் சர்க்கரை நோய் வந்து, தேநீரில் இனிப்பு மாத்திரை போட்டுக்கொள்ள ஆரம்பித்தபோது, அதன் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவும் எங்க ஆளுங்கதான், ரெண்டே பேர்" என்றார். மூன்று பேர் கொண்ட வரிசை ஒன்று உடம்பின் எல்லாச் செல்களிலும் இருக்கிறதாம். உள்ளே வரும் விஷத்தையும் துருவையும் தன் மேல் வாங்கிக்கொண்டு மற்றவர்களைக் காப்பாற்றுமாம். "வீட்டு வேலைக்காரி மாதிரி. ஒருத்தருக்கும் பேர் தெரியாது, அவ லீவு போட்டாத்தான் தெரியும்." ஐந்து பேர் கொண்ட ஒன்றை மூளையே செய்து வலியைக் குறைத்துக்கொள்கிறது. ஒன்பது பேர் கொண்ட ஒன்று பிரசவ வலியை வரவைக்கிறது. இன்னொரு ஒன்பது இரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. பேருந்தில் வரும்போதும் அவர் இதையெல்லாம் சொல்வார். பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஒன்பதுல ஒருத்தர் இல்லைன்னா?" என்று நான் ஒரு தடவை கேட்டேன். "எட்டு பங்கு வேலை செய்யுமா?"

"செய்யாது. ஒரு ஆள் குறைஞ்சா சில சமயம் ஒண்ணுமே செய்யாது. பல்லு உடைஞ்ச சாவி மாதிரி, பூட்டுக்குள்ள போகும், திறக்காது."

இருபது வகைத் துண்டுகளுக்கும் அவரிடம் குணம் இருந்தது. கிளைசின் ஒல்லி, எங்கே வேண்டுமானாலும் நுழைந்துவிடும். ஆர்ஜினின் பெரிய உடம்பு, அதிலும் உறையெல்லாம் மாட்டிக்கொண்டு வரும்போது பேருந்தில் இரண்டு பேர் இடத்தில் உட்காரும் பெரியப்பா மாதிரி, மெதுவாகத்தான் இடம் பிடிக்கும். ப்ரோலின்தான் அவருக்குப் பிடிக்காத ஆள். மற்ற பத்தொன்பதுக்கும் கை ஒரு மாதிரி என்றால் ப்ரோலினின் கை மடங்கித் தன் உடம்போடு ஒட்டியிருக்கும். அதனால் அந்தக் கை சும்மாவே இருந்தாலும் நின்ஹைட்ரின் நீலமாகாது.

இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இதில்தான் எல்லாமே இருக்கிறது. ப்ரோலினுக்கு மேல் அடுத்த ஆளை ஏற்றிவிட்டுச் சோதித்தால், ஏறியிருந்தாலும் நீலம் வராது. ஏறாமல் போயிருந்தாலும் நீலம் வராது. அந்த ஒரு இடத்தில் அந்தச் சோதனை வாய் திறக்காது. அதற்கு வேறு மருந்து இருக்கிறது, குளோரானில் என்று. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அண்ணி அந்தப் புட்டியைத் தன் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தார். ப்ரோலின் வந்தால் அதை எடுப்பார், வேலை முடிந்ததும் திரும்ப வைப்பார். பதினாறு வருடம் அப்படித்தான் நடந்தது.

பிறகு பழைய தலைவர் ஓய்வு பெற்றுப் போய், புதியவர் வந்தார். அவருக்கு ஆய்வுக்கூடத்தில் 'நாளைக்கு சார்' என்று பெயர். எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பாராம். ஆனால் ஒரு வேலையை மட்டும் வந்த முதல் மாதமே செய்தார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஒரே செய்முறைத் தாள் அடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டம். 'நின்ஹைட்ரின் – நிறம் இல்லை' என்று அச்சடித்திருக்கும், பக்கத்தில் ஒரு டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ப்ரோலினுக்குத் தனிக் கட்டம் கிடையாது. வேறு எதுவும் எழுத இடமும் கிடையாது.

அண்ணியின் குளோரானில் தீர்ந்தபோது புதிதாகக் கேட்டு எழுதினார். சீட்டு திரும்பி வந்தது: 'செய்முறையில் இல்லை.' இரண்டாவது தடவையும் அதே. மூன்றாவது சீட்டும் திரும்பி வந்தபோது நேரிலேயே போனார். அன்று மாலை வீட்டுக்கு வந்து காலைக்கூடக் கழுவாமல் என்னிடம் சொன்னார்.

"நான் சொல்றேன், சார், ப்ரோலின்ல நீலம் வராது சார்னு. அவர் சொல்றாரு, 'வராதுன்னா நல்லதுதானேம்மா.'"

"விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ அண்ணி."

"நானும் அப்படித்தான் நெனச்சு நின்னேன். அவர் அடுத்த ஃபைலை எடுத்துட்டாரு."

அதற்குப் பிறகு ப்ரோலின் வரும் இடங்களில் அவர் தன் கணக்குக்கு நேரத்தைக் கூட்டிக்கொண்டார். ஒரு மணி நேரம் போதும் என்று தாள் சொன்னால் இரண்டு மணி நேரம் விடுவார். முடிந்தபோதெல்லாம் அடுத்த ஆளை இரண்டு தடவை ஏற்றுவார். எப்போதும் முடியவில்லை.

இரத்தக் குழாயைத் தளர்த்தும் அந்த ஒன்பது பேர் வரிசையை ஒரு பல்கலைக்கழகம் கேட்டிருந்தது. இரத்தக் குழாய் தளர்வதை அவர்கள் எலிகளில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையைக் கடைசியிலிருந்துதான் கட்டிக்கொண்டு போவார்கள். முதல் ஆள் கடைசியில்தான் ஏறுவார். இதில் கடைசியாக ஏற வேண்டியது ஆர்ஜினின், அந்தப் பருத்த பெரியப்பா. அது ஏற வேண்டியது ப்ரோலின் மேல். அதற்கு முன்னால் இருப்பதும் ப்ரோலின். அண்ணி அன்று இரண்டாவது தடவை ஏற்ற வேண்டும் என்று கேட்டார். வண்டி நாலு மணிக்கு, இன்றைக்கே அனுப்பியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் முடிந்து, மணியிலிருந்து பிரித்துப் பொடியாக எடுத்த பின், அதில் ஒரு வரிசையின் எடை எவ்வளவு என்று கருவியில் பார்ப்பது வழக்கம். ஒரு ஆள் குறைந்திருந்தால் அங்கே அகப்பட்டுவிடும். அந்த வாரம் கருவி பழுது. "நாளைக்குப் பாத்துக்கலாம், முதல்ல அனுப்புங்க" என்றார் நாளைக்கு சார். கருவி சரியான பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

அண்ணி நாலு மணிகளை எடுத்து நின்ஹைட்ரின் விட்டுச் சூடு பண்ணினார். நீலம் வரவில்லை. தாளில் இருந்தது 'நிறம் இல்லை.' அவர் டிக் அடித்தார். அது பொய்யும் இல்லை.

ஐந்து மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் வேறொரு இடத்தில் எடை பார்த்திருக்கிறார்கள். பொடியில் பாதிக்குமேல் எட்டுப் பேர்தான். அவற்றில் ஆர்ஜினின் ஏறவே இல்லை. ஐந்து மாத வேலை, அத்தனை எலிகள், ஒரு மாணவியின் ஆய்வேடு, எல்லாம் வீண். காரணம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

நாளைக்கு சார் அண்ணியை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நாற்காலியில் உட்காரச் சொன்னாராம். பதினெட்டு வருடத்தில் அந்த அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று அண்ணி சொன்னார்.

"தாள்ல தப்புன்னு எழுதினா ரெண்டு வருஷமா போனது எல்லாத்தையும் திருப்பிக் கேப்பாங்களாம். கம்பெனியையே மூடணுமாம். முப்பது பேர் வீட்டுல அடுப்பு எரியாதுங்கறாரு. ஒருத்தரோட கவனக்குறைவுன்னு எழுதினா ஒரு கடிதத்தோட முடிஞ்சிடுமாம். என் வேலைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு வாக்குக் கொடுத்தாரு."

அப்போது அண்ணனின் காலில் புண். சர்க்கரையால் ஆறவில்லை, வேன் ஓட்டி நாலு மாதம் ஆகியிருந்தது. அவனுடைய சிகிச்சை அண்ணியின் கம்பெனி மூலமாகத்தான் நடந்துகொண்டிருந்தது. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு கையெழுத்துதானே, பத்து ஓட்டு? போட்டுட்டுப் போயேன்."

"நான் தப்புப் பண்ணலையேங்க."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த ஆளுக்கும் தெரியும். வேற யாருக்குத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி என் பக்கம் திரும்பினார். வீட்டில் கடிதம் காகிதம் தெரிந்தவள் நான்தான். நான் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் எழுதியிருக்க மாட்டார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அன்று நான் அப்படிச் சொல்லவில்லை. பேனாவை எடுத்தேன்.

அண்ணிக்குக் கடிதம் எழுத வராது. என் தொழிலே அதுதான். எங்கள் அலுவலகத்தில் மனு எழுதுகிறவர்களின் கோபத்தையெல்லாம் எடுத்துவிட்டு, மேலே இருப்பவர்கள் இரங்கும்படி மாற்றி எழுதிக் கொடுப்பேன். எந்த வார்த்தைக்கு யார் இளகுவார்கள் என்று எனக்குத் தெரியும் என்று ஒரு கர்வம். நான் சொல்லச் சொல்ல அண்ணி தன் குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்.

'மேற்கண்ட தயாரிப்பின் இறுதிக் கட்டத்தில் இணைப்பு முழுமையடைந்ததா என்பதை உறுதிசெய்ய நான் தவறிவிட்டேன். இது முழுக்க முழுக்க என் கவனக்குறைவு. பதினெட்டு ஆண்டுகளாக என்னை நம்பிய நிறுவனத்துக்கு என்னால் நேர்ந்த அவப்பெயரை எண்ணி வெட்கப்படுகிறேன்.'

'கவனக்குறைவு' என்ற இடத்தில் அவர் பேனா நின்றது.

"இது வேணுமா? 'தவறு நடந்திடுச்சு'ன்னு மட்டும் போட்டா ஆகாதா?"

"வேணும் அண்ணி. ஒத்துக்கிட்ட மாதிரி இருந்தாத்தான் மனசு இறங்குவாங்க. மழுப்பினா சந்தேகம் வரும்."

"'முழுக்க முழுக்க' வேற போடணுமா?"

"அது இருந்தா நல்லா இருக்கும்."

எழுதினார். கடைசி வாக்கியத்தை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு, "அழுகையே வருது, அவ்வளவு நல்லா எழுதறே" என்றார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வாக்குக் கொடுத்தபடி வேலை போகவில்லை. கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தவரை மறுபடி பெப்டைடு மேசையில் உட்கார வைத்தால் வாடிக்கையாளர்கள் கேள்வி கேட்பார்கள் என்று, கண்ணாடிச் சாமான்கள் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே இருபது வருடமாகக் கழுவிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் உண்டு. அண்ணியைப் பார்த்ததும், "வாங்க மேடம், இனிமே உங்க அழுக்கை நீங்களே கழுவுங்க" என்றாராம். அண்ணி வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தார். அந்த அக்கா நல்ல மாதிரி. அண்ணிக்குத் தன் கையுறையில் ஒன்றை எடுத்துக் கொடுப்பாராம்.

ஒன்பது மாதம் கழுவினார். விரல் நுனிகளில் ஊதா மெல்ல மெல்லப் போய், சாதாரண விரல்களாயின. அண்ணன் மட்டும் பெயரை மாற்றவில்லை. பிறகு கழுவுவதற்கு ஒரு இயந்திரம் வாங்கினார்கள். அக்கா மூத்தவர் என்பதால் இருந்தார், அண்ணி வெளியே வந்தார். வேறு மூன்று ஆய்வுக்கூடங்களுக்குப் போய்க் கேட்டார். மூன்று இடத்திலும் பழைய கம்பெனிக்கு ஒரு ஃபோன் போட்டு விசாரித்தார்கள். மூன்று இடத்திலும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

அடுத்த வருடம் கழுவுகிற அக்கா வீட்டுக்கு வந்தார். தேநீரைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"உனக்கு ஒரு விஷயம் தெரியுமா? புதுசா ஒரு தாள் வந்திருக்கு. ப்ரோலினுக்குத் தனியா கட்டம் போட்டிருக்கான் உன் நாளைக்கு சாரு. அந்த இன்னொரு புட்டி மருந்து இருக்குல்ல, அதான் போடணுமாம். மேலே இருந்து வந்தவங்க எல்லாம் கை குடுத்தாங்க அவனுக்கு. புதுத் திட்டமாம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி கேட்டது ஒன்றுதான்:

"எல்லா ப்ரோலினுக்கும் போட்டிருக்காரா, இல்ல கடைசில வர்றதுக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும்னு நெனைக்கறேன்."

"அப்ப சரி. இனிமே ஒழுங்கா வரும்."

அக்கா போனதும் கோப்பைகளைக் கழுவி வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கம்பெனியில் இருக்கும் தன் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதித் தரச் சொன்னார். வேலை வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். 'அன்றிருந்த செய்முறையில் இந்தப் பிழையைக் கண்டுபிடித்திருக்க முடியாது.' அவ்வளவுதான்.

நான் அந்தக் கடிதத்துக்கு நாலு நாள் எடுத்துக்கொண்டேன். கேட்டு எழுதிய சீட்டுகள் மூன்றும் திரும்பி வந்த தேதிகளைப் போட்டேன். கருவி பழுதான வாரத்தைப் போட்டேன். ஒரு இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. இதைவிட நல்ல கடிதம் நான் எழுதியதே இல்லை.

பதில் ஆறு வாரத்தில் வந்தது. 'தாங்கள் சொந்தக் கையெழுத்தில், எவ்வித வற்புறுத்தலும் இன்றி, நேர்ந்த பிழை "முழுக்க முழுக்க என் கவனக்குறைவு" என ஏற்கனவே தெரிவித்துள்ளீர்கள். எனவே இது குறித்து மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து தேவையில்லை.'

அண்ணி அதை நின்றபடியே படித்தார். பிறகு மடித்து என்னிடம் நீட்டினார்.

"நீ நல்லா எழுதிட்டே. அதான்."

குரலில் கோபம் இல்லை.

கல்லீரல் கெட்டுவிட்டது என்று தெரிந்தது அதற்கு அடுத்த ஆண்டு. மருத்துவர் இளைஞர். தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"குடிப்பழக்கம் உண்டாம்மா?"

"இல்லை டாக்டர். மூக்காலதான் குடிச்சேன். பதினெட்டு வருஷம்."

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். மணிகளைக் கழுவுகிற திரவத்தின் பெயரை அண்ணி சொன்னார். மீன் நாற்றம் மாதிரி லேசாக வரும் என்றும், காற்றை வெளியே இழுக்கும் பெட்டி ஒன்று எப்போதும் ரிப்பேரில் இருக்கும் என்றும் சொன்னார். மருத்துவர் தலையாட்டினார். அதனால்தான் என்று நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். அண்ணி சிரித்துவிட்டார்.

"எனக்குன்னு வர்ற சோதனை எல்லாமே இப்படித்தான்" என்றார் வெளியே வந்து.

கடைசி மாதங்களில் வயிறு வீங்கி, கை கால் குச்சியாகிவிட்டது. அண்ணன் கால் விரல் இரண்டை இழந்து, ஊன்றுகோலுடன் மருத்துவமனைக்கு வந்து கட்டிலருகே உட்கார்ந்திருப்பான். "பத்து ஓட்டு, தண்ணி வேணுமா?" என்பான். நர்ஸ்கள் சிரிப்பார்கள். ஒரு நாள் அவன் வெளியே போயிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அந்தக் கடிதம் இன்னும் அங்கதான் இருக்குமா?"

"எந்தக் கடிதம் அண்ணி?" என்றேன், தெரிந்துகொண்டே.

"கிழிச்சிருப்பாங்களா? பழைய காகிதமெல்லாம் மூணு வருஷத்துல கிழிச்சிடுவாங்கன்னு சொல்லுவாங்க."

"கிழிச்சிருப்பாங்க அண்ணி."

"பாத்துட்டு வந்து சொல்றியா?"

சரி என்றேன். போகவில்லை. வேலை இருந்தது, மருந்து வாங்க வேண்டியிருந்தது, அண்ணனைக் கவனிக்க வேண்டியிருந்தது. இவையெல்லாம் உண்மைதான். அந்த அலுவலகத்துக்குள் போய் அந்தக் கடிதத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்பதும் உண்மை. பத்தொன்பது நாளில் அண்ணி போய்விட்டார்.

அவர் போய் இரண்டு மாதம் கழித்துப் போனேன். அண்ணனிடம் சொல்லவில்லை. கடிதத்தைத் திருப்பிக் கேட்பது, தர மறுத்தால் அது நான் எழுதியது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவது, இவ்வளவுதான் என் யோசனை.

நாளைக்கு சார் மூன்று நிமிடத்தில் என்னை அறைக்கு அழைத்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எழுந்து நின்று கை கூப்பினார். நாற்காலியைக் காட்டினார்.

"கேள்விப்பட்டேம்மா. ரொம்ப வருத்தமா இருந்துச்சு. நல்ல உழைப்பாளி. எல்லாத்துக்கும் மேல நேர்மையானவங்க. தப்பை ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணும் பாருங்க, அது எல்லாருக்கும் வராது."

"அந்தக் கடிதத்தை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன் சார்."

"அதை எப்படிம்மா தர்றது?" உண்மையாகவே சங்கடப்பட்டார். "அதை நாங்க எவ்வளவு மதிக்கறோம்னு உங்களுக்குத் தெரியாது. வாங்க, காட்டறேன்."

தாழ்வாரத்தின் கோடியில் ஒரு அறை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரம் அங்கேதான் பயிற்சி. ஐந்தாறு இளம் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். சுவரில் புதிய செய்முறைத் தாள் பெரிதாக ஒட்டியிருந்தது, கீழே நாளைக்கு சாரின் பெயருடன். அதற்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அண்ணியின் குண்டு குண்டான எழுத்து. பெயரை மட்டும் வெள்ளைத் தாள் வைத்து மறைத்திருந்தார்கள்.

"பேர் வெளிய தெரியாது, பாத்தீங்களா? ஒவ்வொரு குழுவுக்கும் முதல் நாளே இதைப் படிச்சுக் காட்டிடுவோம். கவனம்னா என்னன்னு பத்து நாள் நான் பேசினாலும் மனசுல நிக்காது. இது நிக்குது. சில பிள்ளைங்க அழுதே இருக்காங்க. எவ்வளவு நல்லா எழுதியிருக்காங்க பாருங்க."

"நான் எழுதினது சார்."

"என்னம்மா?"

"எழுத்து அவங்களுது. வார்த்தை எல்லாம் நான் சொன்னது. 'கவனக்குறைவு' வேணுமான்னுதான் அவங்க கேட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார். முகம் லேசாக மலர்ந்தது.

"அப்படியா? எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு, நடை ரொம்பத் தேர்ந்த நடையா இருக்கேன்னு." பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல: "யார் எழுதினா என்னம்மா? நல்லதுக்குத்தானே பயன்படுது."

அவரை யாரோ ஃபோனுக்குக் கூப்பிட்டார்கள். நான் சட்டத்தின் முன்னால் நின்றேன். முன் வரிசையில் இருந்த ஒரு பெண், இருபத்திரண்டு வயதிருக்கும், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் புத்தம் புது கையுறை. பக்கத்தில் பெட்டி நிறையக் கையுறை.

"அவங்களைத் தெரியுமா மேடம் உங்களுக்கு?"

"தெரியும்."

"பாவம் மேடம். கொஞ்சம் பொறுமையா ஒரு தடவை செக் பண்ணியிருந்தா போதும்ல?"

அவளுக்குச் சொல்ல என்னிடம் எல்லாம் இருந்தது. மடங்கிய கை, தீர்ந்துபோன புட்டி, மூன்று சீட்டு, நாலு மணி வண்டி. நான் ஆரம்பித்தேன். "இல்லைம்மா, அவங்க செக் பண்ணாங்க..." என்றேன்.

"ஆனா அவங்களே எழுதியிருக்காங்களே மேடம்" என்றாள், மரியாதையாக, சுவரைக் காட்டி.